சுகர் மாத்திரைக்கும் ஒரு செடி இருக்கு

நீளமான த்ரெட் இது. சுகர் இருக்குறவங்க, வீட்டில் அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்குறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

எங்க ஓபியில் வாரத்துக்கு நாலஞ்சு தடவையாவது இந்தப் பேச்சைக் கேட்டுடுவேன்: "மாத்திரை எல்லாம் கெமிக்கல் டாக்டர். அதான் இப்போ இயற்கையா ஒண்ணு சாப்பிடுறேன்." சொல்றவங்க பையில் ஒரு பொடி டப்பா இருக்கும். சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல் கொட்டை, வெந்தயம், கருஞ்சீரகம் எல்லாம் சேர்த்து அரைச்சது. அதே பையில், நாங்க போன மாசம் கொடுத்த மெட்ஃபார்மின் அட்டை பிரிக்காம அப்படியே கிடக்கும்.

அவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான்: "நீங்க நிறுத்தி வச்சிருக்கீங்களே, அந்த வெள்ளை மாத்திரையும் ஒரு மூலிகை வழியா வந்ததுதான்." யாரும் நம்ப மாட்டாங்க. சுகர் மாத்திரையை விக்கிறதுக்கு டாக்டர் புதுசா ஏதோ சொல்றார்னு பார்ப்பாங்க. (நாங்க விக்கலைங்க. இலவசமாத்தான் கொடுக்குறோம்.)

கதையைக் கேளுங்க.

தெற்கு ஐரோப்பாப் பக்கம் தானா வளர்ற ஒரு செடி, கலேகா அஃபிசினாலிஸ். நம்ம கொழுஞ்சி, அவுரி எல்லாம் இருக்குற அதே பட்டாணிக் குடும்பம். வெளிர் ஊதாவில் கொத்துக் கொத்தா பூக்கும். அந்த ஊர் நாட்டு வைத்தியத்தில் பல நூற்றாண்டா புழங்கின செடி. 1891-ல் இதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குக் கால்நடைத் தீவனம் ஆகும்னு கொண்டுபோய் விதைச்சாங்க. தீவனம் ஆகலை. தின்ன ஆடுகள் நெஞ்சில் நீர் கோத்துச் செத்துப்போச்சு. இன்னைக்கு அங்கே அது ஒழிக்க வேண்டிய விஷக் களைகள் பட்டியலில் இருக்கு.

ஆட்டைக் கொன்னதும், மனுஷனுக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைச்சதும் ஒரே பொருள்தான். பேர் கலேஜின். 1914-ல் அதைச் செடியிலிருந்து பிரிச்சு எடுத்தாங்க. 1920-களில் சுகர் நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தாங்க. சர்க்கரை இறங்குச்சு. ஆனா கொஞ்ச நேரம்தான் நிக்குது, உடம்புக்கும் ஒத்துக்கலை. சரி, இதே மாதிரி வேற ஒண்ணு செய்வோம்னு சிந்தாலின் என்ற மருந்தைக் கொண்டுவந்தாங்க. அது கல்லீரலைக் கெடுத்துச்சு. கைவிட்டாங்க.

இதுக்கு நடுவில் 1922-ல் அயர்லாந்தின் டப்ளினில் வெர்னர், பெல் என்ற ரெண்டு வேதியியலாளர்கள் அதே வகையில் இன்னொரு பொருளை உருவாக்கினாங்க. அதுதான் மெட்ஃபார்மின். அப்போ உலகம் முழுக்க இன்சுலின் பத்தித்தான் பேச்சு, இதை யாரும் சீந்தலை. 35 வருஷம் தூங்குச்சு. 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்து, முடிவை வெளியிட்டு, குளுக்கோஃபேஜ்னு பேரும் வச்சார். நம்ம வார்த்தையில் "குளுக்கோஸ் தின்னி".

அப்பவும் முடியலை. இதோட உடன்பிறப்பு மாதிரி ஃபென்ஃபார்மின்னு ஒண்ணு வந்தது. அது சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏத்தி உயிரை எடுத்தது. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் நிறுத்திட்டாங்க. நம்ம நாட்டில் தடை வந்தது 2003-ல்தான். உடன்பிறப்பு செஞ்ச காரியத்துக்கு மெட்ஃபார்மினையும் சந்தேகத்தோடதான் பார்த்தாங்க. அமெரிக்கா அனுமதி கொடுத்ததே 1994-ல். 1998-ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது: உடல் எடை கூடின சுகர் நோயாளிகளை 10 வருஷத்துக்கு மேல கவனிச்சதில், மெட்ஃபார்மின் எடுத்தவங்ககிட்ட சாவு 36 சதவீதம் குறைவு. சர்க்கரை அளவு மட்டும் இல்லை, உயிர்.

1914-லிருந்து 1998. செடியிலிருந்து ஒரு பொருளை எடுத்ததுக்கும், "இது ஆயுளைக் காப்பாத்துது"ன்னு நெஞ்சில் கை வச்சுச் சொன்னதுக்கும் நடுவில் 84 வருஷம். அந்த 84 வருஷத்தில் தள்ளிப் போட்ட மருந்துகளையும் சேர்த்துப் பாருங்க. இயற்கை கொடுத்ததை எடுத்து, விஷத்தைக் கழிச்சு, எவ்வளவு கொடுக்கணும்னு அளந்து, யாருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு கண்டுபிடிச்சு, அப்புறம்தான் உங்க கைக்கு வருது. இப்போ அதைத் தொழிற்சாலையில்தான் செய்றாங்க, கலேகா செடியைப் பறிச்சு இல்லை. ஆனா வழி காட்டினது அந்தச் செடி.

இது ஒண்ணுதானா? இல்லை. ஆப்பிள் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும்.

1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின்னு ஒரு கசப்புப் பொருளை எடுத்தாங்க. சின்கோனாப் பட்டை மாதிரி கசக்குதே, காய்ச்சலுக்கு ஆகுமான்னு பார்த்தாங்க. 1886-ல் வான் மெரிங் என்ற ஜெர்மன் டாக்டர் கவனிச்சது வேற: இதைக் கொடுத்தா சிறுநீரில் சர்க்கரை கொட்டுது. சிறுநீரில் சர்க்கரை போறது நோயோட அடையாளம் ஆச்சே? அதனால ரொம்ப காலம் இதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையா சர்க்கரையை வெளியேத்திப் பார்க்கத்தான் வச்சிருந்தாங்க. மருந்தா யோசிக்கலை.

நூறு வருஷம் கழிச்சுத்தான் தலைகீழாப் பார்த்தாங்க. நம்ம கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, அத்தனையையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிடும். அந்தத் திருப்பி அனுப்புற கதவைக் கொஞ்சம் மூடினா, கூடுதல் சர்க்கரை சிறுநீரோட போயிடும், ரத்தத்தில் குறையும். 1987-ல் சுகர் வந்த எலிகளில் இதைக் காட்டினாங்க. ஆனா ஃப்ளோரிசினை அப்படியே வாயால சாப்பிட்டா குடலிலேயே உடைஞ்சிடும், வயித்துப்போக்கும் வரும். அந்த மூலக்கூறை உடையாத மாதிரி மாத்தி, கிட்னிக் கதவை மட்டும் குறி வைக்கிற மாதிரி செஞ்சதுதான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எல்லாம். "கிளிஃப்ளோசின்"னு முடியுற மாத்திரை உங்க சீட்டில் இருந்தா, அதன் பாட்டன் ஆப்பிள் மரப்பட்டை. இன்னைக்கு இதயம் பலவீனமானவங்களுக்கும், கிட்னி கெட்டுட்டு வர்றவங்களுக்கும் இந்த மாத்திரையை, சுகர் இல்லாதவங்களுக்குக்கூட, எழுதுறோம். 2020 அக்டோபரில் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிஞ்ச பிறகு விலையும் நல்லா இறங்கிடுச்சு.

இதுக்காக ஆப்பிள் மரப்பட்டையைக் கஷாயம் வச்சுக் குடிக்காதீங்க. ஆப்பிள் தின்னாலும் இது நடக்காது. (இந்த கேள்வி நிச்சயம் வரும். அதான் முன்னாடியே.)

அப்போ நம்ம ஊர் மூலிகை? அதில் ஒண்ணும் இல்லையா? இருக்கு. எனக்குத் தெரிஞ்சதைக் கூட்டாம குறைக்காம சொல்றேன்.

சிறுகுறிஞ்சானை எடுத்துக்கோங்க. சர்க்கரைக்கொல்லின்னும் சொல்வோம். ரெண்டு இலையை மென்னுட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வச்சுப் பாருங்க. மணல் மாதிரி இருக்கும். இலையில் இருக்குற ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணர்ற இடத்தை மறைச்சுடுது. கொஞ்ச நேரத்தில் சரியாகிடும். கிராமத்துத் திருவிழாக் கடையில் இதைத்தான் செஞ்சு காட்டுவாங்க: "பாருங்க, நாக்கில் சர்க்கரையைக் கொன்னுடுச்சு, ரத்தத்தில் விடுமா?" நாக்கில் நடக்குறது வேற, ரத்தத்தில் நடக்குறது வேற. அந்த வித்தையைப் பார்த்து ஏமாறாதீங்க.

ஆனா ரத்தத்தையும் பார்த்து ஆய்வு செஞ்சிருக்காங்க, அதுவும் நம்ம சென்னையிலேயே. 1990-ல் வெளிவந்தது. டைப் 2 சுகர் உள்ள 22 பேருக்கு, அவங்க சாப்பிட்டுட்டு இருந்த மாத்திரையோடயே சேர்த்து, சிறுகுறிஞ்சான் சாறிலிருந்து எடுத்த மருந்தை ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருஷத்துக்கு மேல கொடுத்தாங்க. சர்க்கரை குறைஞ்சது. 5 பேரால் வழக்கமான மாத்திரையையே விட முடிஞ்சது. நல்ல முடிவு. ஆனா எண்ணிக்கை 22. கண்ணை மூடிக்கிட்டு எல்லாருக்கும் எழுத 22 பேர் போதாது. நான் படிக்கும்போது எனக்கு வந்தது கேலி இல்லை, ஆதங்கம். 22-ஐ 2000 ஆக்கி, 10 வருஷம் பார்த்திருந்தா, மெட்ஃபார்மின் மாதிரி நம்ம மண்ணிலிருந்து ஒண்ணு கிடைச்சிருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். பார்த்தாத்தானே தெரியும்?

வேங்கை மரக் குவளையில் ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு, காலையில் பழுப்பு நிறத்தில் குடிக்கிற பழக்கம் தெரிஞ்சிருக்கும். அதையும் ஐசிஎம்ஆர் ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டது. புதுசா சுகர் கண்டுபிடிச்ச 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் கட்டுப்பாடு வந்தது. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. சுகர்னு இப்பதான் தெரிஞ்சவங்க பயத்திலேயே வாயைக் கட்டுவாங்க, நடப்பாங்க. குறைஞ்சதில் மரத்தோட பங்கு எவ்வளவு, பயத்தோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. தவிர, அங்கே கொடுத்தது அளந்த சாறு. நம்ம வீட்டுக் குவளையில் இறங்குறது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?

பாகற்காய்: 4 ஆய்வுகள், 479 பேர். எல்லாத்தையும் சேர்த்து அலசினப்போ, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் தெரியலை. பொரியலா சாப்பிடுங்க, நல்ல காய். வெந்தயத்தில் நார்ச்சத்து அதிகம், ஊறினா வழவழன்னு வருதே அதுதான். சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்துக்குப் போற வேகத்தைக் குறைக்கும். சமையலறைப் பொருள், சாப்பாட்டோட சேர்த்துக்கலாம். மாத்திரைக்குப் பதிலா இல்லை.

இலையில் மருந்து இல்லைன்னு எந்த டாக்டராவது சொன்னா அவர் மருந்தியல் வரலாறு படிக்கலை. இலையில் இருக்குற மருந்தின் அளவு யாருக்கும் தெரியாது, பிரச்சினை அதுதான். ஐப்பசியில் பறிச்ச இலையும் சித்திரையில் பறிச்ச இலையும் ஒண்ணா? நிழலில் காய்ஞ்சதும் மொட்டை மாடி வெயிலில் காய்ஞ்சதும் ஒண்ணா? உங்க ஸ்பூனும் உங்க பக்கத்து வீட்டு ஸ்பூனும் ஒண்ணா? 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் ராமநாதபுரத்திலும் 500தான், டப்ளினிலும் 500தான்.

"இலைதானே, என்ன பண்ணிடப் போகுது?"

இதை என்கிட்ட கேட்டவர் ஒரு தாத்தா. பேத்திக்கு 11 வயசு. டைப் 1 சுகர், அதாவது கணையம் இன்சுலின் சுரக்கிறதையே நிறுத்திட்ட வகை. தினம் ஊசி. பிள்ளைக்கு நாலு வேளை குத்துறதைப் பார்க்கச் சகிக்காம, யாரோ சொன்னாங்கன்னு "இன்சுலின் செடி" இலையைக் கொடுத்து ஊசியை நிறுத்தியிருக்காங்க. அந்தப் பேரை வச்சவர் யாரோ, அவர் கையில் கிடைச்சா நாலு கேள்வி கேட்கணும். அந்த இலையில் இன்சுலின் கிடையாது. மூணாவது நாள் ராத்திரி வாந்தி, வயித்துவலின்னு தூக்கிட்டு வந்தாங்க. வேகமா, ஆழமா இழுத்து இழுத்து மூச்சு. வாயில் பழம் அழுகின மாதிரி வாசனை. சர்க்கரை 480-க்கு மேல. சிறுநீரில் கீட்டோன். சலைன், இன்சுலின், பொட்டாசியம்னு மணிக்கு மணி பார்த்து விடிய விடிய நின்னோம். மறுநாள் சாயங்காலம்தான் கண்ணைத் திறந்து "அம்மா, தண்ணி"ன்னுச்சு.

தாத்தா சொன்னது ஒரு வகையில் சரி. இலை ஒண்ணும் பண்ணலை. கெட்டதும் பண்ணலை, நல்லதும் பண்ணலை. பண்ணினது, மூணு நாள் போடாத ஊசி. 1922-ல் முதல் முதலா இன்சுலின் ஊசி போட்டுக்கிட்ட பையனுக்கு 14 வயசு. அதுக்கு முன்னாடி இந்தக் குழந்தைகள் எலும்பும் தோலுமா ஆகி ஒண்ணு ரெண்டு வருஷத்தில் போயிடுவாங்க. அப்பவும் உலகத்தில் எல்லா ஊரிலும் இலை இருந்தது, வைத்தியரும் இருந்தாங்க. டைப் 1 குழந்தைக்கு ஒரு வேளை ஊசியைக்கூட யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீங்க. இதில் மட்டும் நான் யார்கிட்டயும் வாதம் பண்ண மாட்டேன். கெஞ்சுவேன்.

பெரியவங்க மாத்திரையை நிறுத்துறதுக்குப் பின்னாடி இன்னொரு பயம் இருக்கு: "சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்." இது எங்கிருந்து வருதுன்னு சொல்றேன். கிட்னி ரொம்ப பலவீனமாயிட்டா மெட்ஃபார்மினை நாங்களே நிறுத்திடுவோம். அந்த நிலையில் அது உடம்பில் தேங்கும், லாக்டிக் அமிலம் ஏறலாம். வீட்டில் பார்க்குறவங்களுக்கு இது எப்படித் தெரியும்? "கிட்னி போச்சு, டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்திட்டார். அப்போ மாத்திரைதானே காரணம்!" கிட்னியைக் கெடுத்தது பத்து வருஷம் கட்டுப்படாம ஓடின சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். அந்தப் பயத்தில் மாத்திரையை நிறுத்துறவங்கதான் டயாலிசிஸ் வார்டுக்குச் சீக்கிரம் வர்றாங்க. பார்க்கப் பார்க்க வயிறு எரியும். மெட்ஃபார்மின் சாப்பிட்டா சிலருக்கு வயிறு உப்பும், பேதி ஆகும், அது உண்மை. சாப்பாட்டோட சேர்த்துப் போட்டா, மெதுவா அளவைக் கூட்டினா பெரும்பாலும் சரியாகிடும். ஆகலைன்னா மாத்த வேற மாத்திரை இருக்கு. சொன்னாத்தானே மாத்துவோம்?

சரி, இலை பொடி ஒண்ணும் பண்ணாதுன்னு இருந்துடலாமா? முடியாது. சிறுகுறிஞ்சான் பொடியால் கல்லீரல் வீங்கினதா மருத்துவ இதழில் பதிவு இருக்கு. சீந்தில் சாப்பிட்டு மஞ்சள் காமாலையோட வந்த 6 பேரைப் பத்தி மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினாங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோட இந்தப் பொடிகள் சேர்ந்தா சர்க்கரை திடீர்னு இறங்கிடவும் வாய்ப்பு இருக்கு. ராத்திரி வியர்த்து, படபடத்து, பேச்சு குழறினா அதுதான்.

எனக்கு இன்னும் பெரிய சந்தேகம், ரொம்ப நல்லா வேலை செய்ற பொடிகள் மேல. "ஒரே வாரத்தில் 300 இருந்தது 130 ஆயிடுச்சு டாக்டர்!" எந்த இலையும் அவ்வளவு வேகமா வேலை செய்யாது. 2000-ல் கலிஃபோர்னியாவில் சீன மூலிகை சுகர் மாத்திரைகளைப் பரிசோதிச்சா, உள்ளே கிளிபென்கிளமைடு. கூடவே, ஏற்கனவே ஒழிச்சுக் கட்டின அந்த ஃபென்ஃபார்மின். 2008-ல் சிங்கப்பூரில் ஆண்மை மருந்துன்னு வித்த மூலிகைச் சரக்கிலும் போலி மாத்திரையிலும் இதே கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சுகரே இல்லாத 150 பேர் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, 4 பேர் செத்தாங்க. "கெமிக்கல் வேண்டாம்"னு போறவங்களுக்கு அதே கெமிக்கலை, அளவு சொல்லாம, பத்து மடங்கு விலையில் விக்கிறாங்க. சுகரைக் குணப்படுத்துவோம்னு விளம்பரம் பண்றதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் பேர் போட்டே இருக்கு. உங்க வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்க, இன்னைக்கு எத்தனை வந்திருக்குன்னு.

அரசு சித்த மருத்துவப் பிரிவில் படிச்ச டாக்டர்கள் இருக்காங்க. சித்த மருந்து வேணும்னா அங்கே போங்க. சீட்டில் பேர் இருக்கும், அளவு இருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்கும். லேபிள் இல்லாத டப்பாவும் சித்த மருத்துவமும் ஒண்ணு இல்லை. அந்த டாக்டர்களே இதைத்தான் சொல்வாங்க.

நீங்க ஏற்கனவே ஏதாவது பொடி சாப்பிட்டுட்டு இருந்தா, மறைக்காதீங்க. திட்டுவாங்கன்னு பயந்து மறைக்கிறீங்க, தெரியும். எங்க ஆட்களும் சத்தம் போடுறாங்க, அதுவும் தெரியும். சக டாக்டர்கள் இதைப் படிச்சா: சத்தம் போட்டா அடுத்த தடவை பொடி நிக்காது, பொடியைப் பத்திச் சொல்றதுதான் நிக்கும். டப்பாவைக் கையோட கொண்டு வாங்க. மாத்திரையைத் தொடர்ந்து போடுங்க. மூணு மாசச் சராசரி காட்டுற எச்பிஏ1சி, கூடவே கிரியாட்டினின், கல்லீரல் டெஸ்ட் பார்த்துடுவோம். சர்க்கரை நல்லா இறங்கியிருந்தா மாத்திரை அளவை நாங்களே குறைப்போம். எங்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

கமெண்டில் எப்படியும் கேட்பீங்க, ஆவாரம்பூ டீ குடிக்கலாமான்னு. கிட்னி, கல்லீரல் நல்லா இருந்தா, உங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு, எப்பவாவது ஒரு டம்ளர் குடிக்கிறதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சீனியும் பனங்கற்கண்டும் போடாதீங்க. போன வாரம் ஒருத்தர் அதில் மூணு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடிச்சுட்டு வந்து, சுகர் ஏன் ஏறுதுன்னு கேட்டார்.